நாலாம் நம்பர் பேசுறேன்

இசைக் கம்பெனித் தலைவர், தான் லிஃப்ட்டில் சிக்கிய கதையைச் சொல்லச் சொல்ல அந்த லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டே போனது. முதல் பேட்டியில் அது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. கம்பெனி ஆண்டு விழாவில் ஏழாவது மாடியைத் தொட்டது. போன வாரம் தொலைக்காட்சியில் பதினோராவது மாடி. அந்தக் கட்டடத்துக்கு மொத்தமே ஐந்து மாடிதான்.

"விளக்கு அணைஞ்சுபோச்சு. லிஃப்ட் தொங்குது. சுத்தியும் இருட்டு," என்றார் தலைவர், பேட்டி எடுப்பவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து. "வேற யாராயிருந்தாலும் அலறியிருப்பாங்க. நான் ஆபத்து பொத்தானை அமுக்கினேன். ஒரு பெண் குரல் வந்துச்சு. அதுல ஒரு தாளம் இருந்துச்சு பாருங்க! அந்த நிமிஷமே எனக்குள்ள இருந்த ரசிகன் எழுந்து உட்கார்ந்துட்டான். லிஃப்ட் கிளம்பிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டேன்."

பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியும் இரும்புச் சங்கிலிகளுமாக உட்கார்ந்திருந்த நாலாம் நம்பர், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தது எந்த ரசிகனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தலைவர்தான் உட்கார்ந்தார், தரையில், காலை நீட்டி. "அம்மா, அம்மா" என்று நாற்பது நிமிஷம் அழுதார். நடுவில் ஒருமுறை, தன் சின்ன வயதில் தம்பியின் பென்சில் பெட்டியைத் திருடியது தான்தான் என்று யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவள் பார்த்த வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. லிஃப்ட்டில் சிக்கியவர் அழுததை வெளியே சொல்லக்கூடாது. பதினாறு வருஷத்தில் அவள் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. நீதிபதிகள் அழுதிருக்கிறார்கள், பளு தூக்குபவர்கள் அழுதிருக்கிறார்கள், தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிறவர் ஒருவர் கீச்சுக்குரலில் பிரார்த்தனை செய்திருக்கிறார். எல்லாம் அவள் காதோடு சரி.

வேலை என்னவென்றால், லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் ஆபத்து அழைப்புப் பிரிவு. ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஆறு நாற்காலி, ஆறு தலைக்கருவி. ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்கினால் இந்த ஆறில் ஒன்றுக்கு மணி அடிக்கும். அவளுடைய நாற்காலி நாலாவது. "நாலாம் நம்பர் பேசுறேன், பயப்படாதீங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: மூன்று வினாடிக்கு மேல் மௌனம் கூடாது. மூன்று வினாடி சத்தம் நின்றால் போதும், சிக்கியவர் கயிறு அறுவது போலக் கற்பனை பண்ண ஆரம்பித்துவிடுவார்.

மற்ற ஐந்து பேரும் வானிலை, வீட்டு விலாசம், பிள்ளைகள் படிப்பு என்று விசாரித்துக் காலம் தள்ளினார்கள். இவளுக்கு அது பிடிபடவில்லை. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அங்கேதான் மௌனம் நுழைந்துவிடுகிறது. அதனால் கேள்வியே கேட்காமல், மூச்சு எடுக்கும் இடம் தெரியாமல், ஒரே ஓட்டமாகப் பேசப் பழகினாள். மறுமுனையில் இரைக்கிற மூச்சைக் கேட்பாள். அதே வேகத்தில் ஆரம்பிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேகத்தைக் குறைத்து அந்த மூச்சையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்குவாள். நாளடைவில் அதில் எதுகையும் மோனையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. இதற்குப் பெயர் ராப் என்று அவளுக்குத் தெரியாது. மெக்கானிக்குகளுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், நாலாம் நம்பரிடம் பேசிய ஆள் என்றால் கதவைத் திறக்கும்போது கடிக்க மாட்டார் என்பதுதான்.

அது ராப் என்று தலைவருக்குத் தெரிந்தது. வெளியே வந்து, முகம் கழுவி, தலை வாரி, இசைக் கம்பெனியின் முதலாளியாக மறுபடி ஆகி, மறுநாளே ஒப்பந்தத்தோடு ஆள் அனுப்பினார்.

வீட்டில் அவளுடைய வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். நாளெல்லாம் அடுத்தவர் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நல்லா ஓட்டுவ. ஆனா பிரேக் அவங்க காலடியில இருக்கு. பாத்துக்க."

பள்ளியில் படிக்கிற மகள், காதிலிருந்து ஒரு பக்கத்துக் கருவியை மட்டும் கழற்றினாள். "அம்மா, ராப்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"வேகமாப் பேசறது."

"கோவமா வேகமாப் பேசறது. நீ போய் எல்லாரையும் 'தண்ணி குடிங்க, உட்காருங்க'ன்னு சொல்வியே!"

இருந்தாலும் அவள் வேலையை விட்டாள். பதினாறு வருஷம் முகம் தெரியாதவர்களுக்குப் பேசியாகிவிட்டது. ஒருதரமாவது, சிக்கிக்கொள்ளாதவர்களும் தன்னைக் காசு கொடுத்துக் கேட்கட்டுமே என்று இருந்தது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "உன் ஞாபகார்த்தமா உன் குரலை ஒரு அரை மணி நேரம் பதிஞ்சு வச்சுக்கறோம்மா. எங்களுக்கும் ஆறுதலா இருக்கும்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

இசைக் கம்பெனியில் முதலில் அவளைத் தோற்ற ஆலோசகரிடம் ஒப்படைத்தார்கள். அந்த அம்மாள் ஒல்லியாக, எப்போதும் எதையோ முகர்ந்து பார்ப்பது போல மூக்கைத் தூக்கிக்கொண்டு இருப்பாள். நாலாம் நம்பரின் பருத்திச் சேலையை, வேனிலிருந்து தவறி விழுந்த மூட்டையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"நாலாம் நம்பர்! பேர் பிரமாதம். ஜெயில்ல உங்க நம்பரா?"

"இல்லீங்க, சீட் நம்பர்."

"எந்த சீட்டு?"

"நாற்காலிங்க. ஜன்னல் இல்லாத ரூம். எட்டு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது."

"அப்போ ஜெயில்தான்," என்று ஆலோசகர் குறித்துக்கொண்டாள்.

பத்தொன்பது கிலோ இரும்புச் சங்கிலி அப்படித்தான் அவள் உடம்பில் ஏறியது. "பெண்ணினத்தின் தளை" என்று ஆலோசகர் விளக்கினாள். வீட்டுக்காரர் ஒரு கண்ணியைத் தூக்கிப் பார்த்து, "இது வண்டி இழுக்கிற சங்கிலியாச்சே," என்றார்.

ஒலிப்பதிவு முதல் நாள். நான்கு சுவரிலும் பஞ்சு. நடுவில் ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தலைவர், ஆலோசகர், இன்னும் சிலர். காதில் தாளம் ஓடியது. பதினாறு சுற்று ஓடியது. அவள் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் ஒலிப்பதிவாளர்.

"எதிர்ல யாரும் இல்லையே."

"இத்தனை பேர் இருக்கோமே!"

"நீங்க யாரும் பயப்படலையே, சார்."

அறையில் அமைதி. மூன்று வினாடி தாண்டியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் சிக்கல். அவள் முடிந்தவரை விளக்கினாள். வேகம் தன்னிடம் இல்லை, அது மறுமுனையில் இருக்கிறது. அங்கே மூச்சு வாங்கினால்தான் இங்கே தாளம் ஓடும். சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்களிடம் தன்னால் "நல்லா இருக்கீங்களா"வுக்கு மேல் பேச வராது.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "கலைஞனுக்கு ஒரு விநோதம் இருக்கும். நாம அதுக்குத் தலைவணங்கணும். யாரையாவது லிஃப்ட்ல போடுங்க."

வணங்கக் கிடைத்த தலை விளம்பர அதிகாரியுடையது. பாவம், குண்டான, சாதுவான மனிதர். கம்பெனி லிஃப்ட்டில் அவரை ஏற்றி, இரண்டாவது மாடிக்கு மேல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆபத்து பொத்தானின் கம்பியை ஒலிப்பதிவு அறைக்கு இழுத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் கழித்து நாலாம் நம்பரின் காதில் ஒரு மூச்சு வந்தது, துருத்தி மாதிரி. அவள் முதுகு நிமிர்ந்தது.

"நாலாம் நம்பர் பேசுறேன், நடுங்காதீங்க, நானிருக்கேன்,
மூச்சை இழு, மூணு எண்ணு, மெல்ல விடு, மறுபடி.
மேல கயிறு ஆறு இருக்கு, அதுல அஞ்சு அறுந்தாலும்
மிச்சமுள்ள ஒண்ணு போதும், மலையைக்கூடத் தாங்குமே.
பொத்தானெல்லாம் அமுக்காதீங்க, பியானோவா அது?
கதவைப் போட்டுக் குத்தாதீங்க, கதவு என்ன செஞ்சுது?
விழாதுங்க, நிக்கும், நின்னதால நல்லது,
நிக்கத் தெரிஞ்ச லிஃப்ட்டுக்குத்தான் விழத் தெரியாது!"

பாட்டு வெளியான ஒரே வாரத்தில் ஊரே அதை முணுமுணுத்தது. தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் கேட்டார்கள். பல் பிடுங்கும் இடத்தில் போட்டார்கள். தோற்ற ஆலோசகர், "நிக்கத் தெரிஞ்ச" என்ற வரியில் அடிமைத்தனத்துக்கு எதிரான அறைகூவல் இருப்பதாக எழுதி அனுப்பினாள். விமர்சகர்கள் அதை அப்படியே போட்டார்கள். அந்தச் சமயம் நடந்த ஆண்டு விழாவில்தான் தலைவரின் லிஃப்ட் ஏழாவது மாடிக்கு ஏறியது.

சனியன் இரண்டாவது பாட்டில் பிடித்தது. அதே விளம்பர அதிகாரி, அதே லிஃப்ட். நாலாம் நம்பர் நாலு வரி ஓடிவிட்டு நின்றாள்.

"சார், நீங்க பேப்பர் படிக்கிறீங்க."

மறுமுனையில் பேப்பர் மடங்கும் சத்தம். பிறகு, "எப்படித் தெரியும்?"

"பக்கம் புரட்டற சத்தம் கேக்குது."

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. போன தடவை நீங்க பேசினதுலேர்ந்து பயமே போயிடுச்சு. வீட்ல கூட சொன்னாங்க, முகம் தெளிஞ்சிருக்குன்னு."

அதுதான் அவள் திறமையின் கோளாறு. ஒரு தரம் ஆறுதல் சொன்ன ஆளுக்கு மறுபடி ஆறுதல் தேவைப்படவில்லை. கம்பெனி ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு என்று கணக்குப் போட்டு, அறிவிப்புப் பலகையில் 'சிக்குவோர் பட்டியல்' ஒட்டியது. திங்கள்: வரவேற்பாளர். செவ்வாய்: கிடங்குப் பொறுப்பாளர். புதன்: சட்ட ஆலோசகர், பிற்பகல் மட்டும். ஊழியர் சங்கம் உடனே கூட்டம் போட்டது. சிக்குவது பணி விதிகளில் இல்லை, சிக்கினால் கண்ணியமாகச் சிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. லிஃப்ட்டுக்குள் ஒரு மெத்தை நாற்காலி வந்தது. மின்விசிறி வந்தது. பிஸ்கட் டப்பா வந்தது. மூன்றாம் வாரம் ஊழியர்கள் முறை மாற்றிக்கொண்டு, சிபாரிசு பிடித்துக்கொண்டு சிக்கினார்கள். அதிகாரி கண்ணில் படாமல் தூங்க அந்தக் கட்டடத்தில் வேறு இடம் இல்லை. நாலாம் நம்பர் காதில் கருவியை மாட்டினால் குறட்டைதான் வந்தது.

குறட்டைக்கு என்ன ராப் பாடுவது? தாலாட்டு வேண்டுமானால் பாடலாம்.

"நான் வந்து உட்காரட்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே.

"உங்களுக்கு லிஃப்ட்டுக்குப் பயமா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "இன்னைக்குக் காலையில ஒரு அம்மா பிரேக்குன்னு நினைச்சு மூணு தடவை ஆக்சிலேட்டர மிதிச்சாங்க. அதுக்கப்புறம் லிஃப்ட்டுல உட்காரச் சொன்னா எனக்கு நிம்மதியாத்தாம்மா இருக்கும்."

பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வரவே இல்லை. ஒலிப்பதிவாளர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார். தலைவர் சிரித்தார். "நான் வந்து என்னய்யா பிரயோஜனம்? பயம்னா என்னன்னே தெரியாத ஆளு நான். அந்தம்மா நேரந்தான் வீணாகும்." தலைவரின் அறை ஐந்தாவது மாடியில். உடற்பயிற்சி என்று சொல்லி தினமும் படியேறித்தான் வருவார். அவர் நாலாவது மாடித் திருப்பத்தில் நின்று இரைக்கிற சத்தம், பஞ்சு வைத்த கதவையும் தாண்டி நாலாம் நம்பரின் காதுக்கு வரும். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். அது மாடி ஏறின மூச்சு மட்டுமில்லை.

ஐந்து மாதம் ஆகியும் ஒரே பாட்டுதான் கையில் இருந்தது. தலைவர் அழைத்தார். மேஜையில் ஒப்பந்தம் விரித்திருந்தது.

"அடுத்த மாசம் மேடை நிகழ்ச்சி. அஞ்சாயிரம் பேரு. நாற்பது நிமிஷம், நேரடியா. அதுல நீ பேசல... அதாவது பாடலன்னா, பதினோராம் ஷரத்துப்படி நாம நல்லபடியாப் பிரிஞ்சுக்கலாம். பேரு மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். வேற நாலாம் நம்பர் போட்டுக்குவோம்."

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகிற வழியில் நின்று பழைய அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம், நாற்காலி காலியாக இருக்கலாம். ஒரு மணி அடித்தது. எடுத்தார்கள்.

"நாலாம் நம்பர் பேசுறேன், பயப்படாதீங்க," என்றது அவளுடைய குரல்.

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"மெக்கானிக் கிளம்பிட்டாரு. நீங்க தரையில உட்காருங்க. அப்படித்தான், ரொம்ப நல்லது," என்றது, யாரும் உட்கார்ந்தார்களா என்று பார்க்காமலே. ஞாபகார்த்தமாகப் பதிந்து வைத்த அரை மணி நேரம். ஆறு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். அறையில் இப்போது காலி அட்டைப் பெட்டிகள் வைத்திருக்கிறார்களாம். அவள் நடைபாதையில் நின்றபடியே தன் குரலைக் கடைசிவரை கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த மூச்சுக்கும் பின்னால் அது ஓடவில்லை, தன்பாட்டுக்கு ஓடியது. அவள் திரும்பிப் போக நினைத்த நாற்காலியையும் அது எடுத்துக்கொண்டிருந்தது. மேடையிலும் தோற்றால், ஊரில் அவளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நாலாம் நம்பர் இருக்கும்.

நிகழ்ச்சி நாள் மாலை. அரங்கத்தின் அடியில், மேடைப் பலகைகளுக்குக் கீழே, ஒரு தாழ்ந்த அறை. நடுவில் ஒரு இரும்புத் தட்டு. பாடகர் அதில் ஏறி நின்றால் அது மேலே தூக்கும், மேடையில் ஒரு கதவு பிளக்கும், புகைக்கு நடுவில் அவர் முளைப்பார். தோற்ற ஆலோசகரின் திட்டம் அது. "பூமியைப் பிளந்து வர்றீங்க," என்று சொல்லிவிட்டு சங்கிலிகளைச் சரிசெய்தாள்.

நாலாம் நம்பர் அந்த எந்திரத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷப் பழக்கம், கண் நேராக மூலையில் ஆணி அடித்திருந்த தகட்டுக்குப் போனது. 'நபர்கள் 2. எடை 180 கிலோ.' பக்கத்தில் சிவப்பாக ஆபத்து பொத்தான், அவளுடைய பழைய லிஃப்ட் கம்பெனியின் முத்திரையோடு. தட்டு பாதி தூரம் ஏறியதும் நாலு பக்கமும் கறுப்புப் பலகை மூடும், மேலே கதவு கடைசி அடியில்தான் திறக்கும். அதுவரை பெட்டிதான்.

அவள் மனசு தன்னால் கூட்டியது. தான் அறுபத்திரண்டு. சங்கிலி பத்தொன்பது. எண்பத்தொன்று.

மேலே அஞ்சாயிரம் பேர் இரைந்தார்கள். சந்தோஷமான இரைச்சல். அதில் ஒருத்தருக்குக்கூடப் பயம் இல்லை.

தலைவர் வந்தார். பட்டுச் சட்டை, கையில் 'ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பாளர்' என்று பொறித்த வெண்கலக் கேடயம். போன வாரம் தனக்குத் தானே விழா எடுத்து வாங்கியது. பன்னிரண்டு கிலோ இருக்கும். ஆள் நூற்று நாலுக்குக் குறையமாட்டார்.

நூற்று தொண்ணூற்றேழு.

"சார்," என்றாள் அவள். "நீங்களும் வாங்களேன்."

"நானா?"

"கண்டுபிடிச்சவர் கீழ நிக்கறதும், கண்டுபிடிச்ச பொருள் மேல போறதும் நல்லாவா இருக்கு? கேடயத்தையும் எடுத்துக்குங்க. வெளிச்சத்துல மின்னும்."

தலைவரின் முகம் மின்னியது. பிறகு சந்தேகம் வந்தது. "இது... லிஃப்ட்டா?"

"மேடை சார். மேல போற மேடை."

எந்திரத்தை இயக்குகிறவர் ஓடி வந்தார். "சார், ரெண்டு பேர் போகலாம், ஆனா இந்த எடைக்கு..."

"யோவ், அரங்கத்தையே வாடகைக்கு எடுத்திருக்கறவன் நான். இந்தத் தகரம் என்னைத் தாங்காதா?"

இயக்குகிறவர் நாலாம் நம்பரைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வை. விழாது, நிற்கும்: மூவாயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியத்தை அவள் இந்தத் தரம் தனக்கே சொல்லிக்கொண்டாள். சட்டையில் குத்தியிருந்த மைக்கை முடுக்கினாள். தட்டு கிளம்பியது.

நாலடி ஏறியது. கறுப்புப் பலகைகள் சூழ்ந்தன. ஒரு முனகல், ஒரு உதறல். நின்றது. விளக்கு போனது.

மேலே புகை எந்திரம் புகையைக் கக்கியது. ஒளி வட்டம் காலியான மேடையில் விழுந்தது. அஞ்சாயிரம் பேரும் மூச்சை அடக்கினார்கள்.

ஒரு வினாடி. இரண்டு வினாடி. இருட்டில் கேடயம் விழுகிற ஓசை.

"அம்மா!" என்றார் தலைவர்.

கை தடவித் தடவிச் சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கினார். உடனே ஒரு குரல் வந்தது. "நாலாம் நம்பர் பேசுறேன், பயப்படாதீங்க. நீங்க தரையில உட்காருங்க. அப்படித்தான், ரொம்ப நல்லது."

"உட்காரல! நான் இன்னும் உட்காரவே இல்ல!" என்று தலைவர் கதறினார். பொத்தானைத் தன் பலம் கொண்ட மட்டும் குத்தினார். "இது வேணாம்! இது கேக்கவே மாட்டேங்குது! நீ பேசும்மா, நீ பேசு!"

இருட்டில் அந்த மூச்சு வந்தது. துருத்தி மூச்சு, ஓட்டைத் துருத்தி. மாதக்கணக்காக அவள் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வினாடி முடிவதற்குள் வாய் திறந்தாள்.

"நான் நிஜந்தாங்க நாலாம் நம்பர், நாலடிக்குப் பக்கத்துல,
அது பேசுறது பெட்டி, அதுக்குக் காது இல்ல பக்கத்துல.
கையைக் குடுங்க, சங்கிலியப் பிடிங்க, பத்தொம்பது கிலோ,
பெண்ணடிமைத் தளையிதுன்னாங்க, பிடிச்சுக்கத்தான் தோதோ?
மூச்சை இழு, மூணு எண்ணு, முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க,
மூஞ்சியத் துடைச்சு, மூக்கைச் சிந்தி, மெதுவா மெதுவா அடங்குங்க..."

மேலே ஒலிப்பதிவாளர் என்ன நடக்கிறது என்று புரியாமலே, கை தன்னால் அடியில் தாளத்தைக் கோத்தார். வரிக்கு வரி நடுவில் ஒரு விசும்பல் வந்தது, சொல்லி வைத்த மாதிரி. கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு விசும்பலுக்கு விசும்பல் கை தட்டியது. தலைவர் "அம்மா" என்றபோது அஞ்சாயிரம் பேரும் "அம்மா" என்றார்கள். அவர் பென்சில் பெட்டிக்கு வரப் பார்த்தார். நாலாம் நம்பர் ஒரு வரியைக் குறுக்கே தள்ளி அதை மூடினாள். சட்டம் சட்டம்தான்.

மெக்கானிக் வந்து தட்டை இறக்க நாற்பத்திரண்டு நிமிஷம் ஆனது. அதுவரை அவள் ஒரு இடத்தில்கூட ஓய்வெடுக்கவில்லை. கடைசியில், "கதவு திறக்குதுங்க, தலை பத்திரம், கால் பத்திரம்" என்று அலுவலக வழக்கப்படி முடித்தபோது, மேலே கூரை அதிர்ந்தது. யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது கிலோவையும் எந்தக் கண்ணும் பார்க்கவில்லை என்று தோற்ற ஆலோசகர் ஒருத்திதான் மூலையில் நின்று அழுதாள்.

மறுநாள் பத்திரிகைகளில் எழுதினார்கள். 'மேடையில் தோன்ற மறுத்த முதல் கலகக்குரல்.' 'காலி மேடை என்கிற துணிச்சல்.' ஒரு பெரிய விமர்சகர், அந்த ஆண் விசும்பல் ஆதிக்க வர்க்கத்தின் மனசாட்சி என்றும், அதற்குப் பெரும் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்றும் எழுதினார்.

தலைவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அந்த விமர்சனத்தை யாரோ கதவிடுக்கு வழியாகத் தள்ளினார்கள். நாலாம் நாள் பேட்டி கொடுத்தார்.

"ஆறு மாசப் பயிற்சி," என்றார், கேமராவைப் பார்த்து. "தினமும் படியேறி மூச்சைப் பழக்கினேன். விசும்பல் வயித்துலேர்ந்து வரணும். தொண்டையிலேர்ந்து வந்தா அது வெறும் அழுகை."

பேட்டி எடுத்தவர் நாலாம் நம்பரைப் பார்த்தார். அவள் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

புது ஒப்பந்தத்தில் அவள் ஒரே ஒரு வரி கேட்டாள்: எல்லா நிகழ்ச்சிக்கும் தலைவரும் கூட ஏற வேண்டும். வேண்டாம் என்று தலைவரால் எப்படிச் சொல்ல முடியும்? அதற்குள் 'சிறந்த பின்னணி உணர்வுக் குரல்' விருது அறிவித்துவிட்டார்கள். விளம்பரத் தாளில் அவர் பெயர் அவள் பெயருக்கு மேலே இருந்தது. அந்தப் பெயரை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "பிரேக் இந்தத் தடவை உன் காலடியில இருக்கு," என்றார்.

"அந்தாளுக்கும் பயம் தெளிஞ்சிடுச்சுன்னா?" என்றாள் மகள், இரண்டு காதுக் கருவியையும் கழற்றிவிட்டு.

"தெளியாது. தெளியணும்னா முதல்ல பயந்தேன்னு ஒத்துக்கணும்."

அடுத்த ஊர், அடுத்த அரங்கம், அதே மாதிரி தாழ்ந்த அறை. தகட்டைப் பார்த்ததும் நாலாம் நம்பர் உதட்டைப் பிதுக்கினாள். 'எடை 220 கிலோ.' புது எந்திரம். இருவரும் சேர்ந்து சங்கிலியோடு நூற்று எண்பத்தைந்துதான் வருவார்கள். அப்படியே போனால் இது நேராக மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

தலைவர் வந்தார், வெறுங்கையோடு. முகம் வெளிறியிருந்தது.

"கேடயம் எங்க சார்?"

"வண்டியில இருக்கு. இன்னைக்கு வேணாம்னு பாத்தேன்."

"எத்தனை இருக்கு இப்போ?"

"நாலு," என்றார் தலைவர். அந்த ஒரு நொடி, பயத்தையும் மீறிக் குரல் நிமிர்ந்தது. "அந்த உணர்வுக் குரல் விருது மட்டும் பதினஞ்சு கிலோ."

"நாலையும் கொண்டு வரச் சொல்லுங்க சார். ஜனங்க பாக்க வேணாமா?"

தலைவர் தகட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேலே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் ஆளை அனுப்பி நாலு கேடயத்தையும் வரவழைத்தார். ஒவ்வொன்றாக, அன்பாக, தட்டின் மேல் அடுக்கினார். பிறகு தானும் ஏறி, அவள் சங்கிலியின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விழாதுல்ல?" என்றார் மெதுவாக.

"விழாது சார். நிக்கும்," என்றாள் நாலாம் நம்பர். மைக்கை முடுக்கினாள்.